விற்காத மின்சாரம்

நுழையும் முன்

கடைக்காரர் ஒருவர் தம்மிடம் பொருள் வாங்க வருபவரைப் பார்த்து, ‘குறைவாக வாங்குங்கள்’ என்று கூறுவது வணிக உலகில் காணக் கிடைக்காத காட்சி. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில், மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் அதைத்தான் செய்தாக வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. அக்கட்டளை பிறந்த சூழலையும், அது செயல்படும் முறையையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆறு தந்த மலிவு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்கள் அமைந்துள்ளன. இப்பகுதியின் உயிர்நாடி கொலம்பியா ஆறு. 1930களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில், மக்களுக்கு வேலை அளிக்கவும் நீர்வளத்தைப் பயன்கொள்ளவும் எண்ணிய நடுவண் அரசு, இவ்வாற்றின் குறுக்கே பேரணைகளை எழுப்பியது. பான்வில் அணை 1938ஆம் ஆண்டிலும் கிராண்ட் கூலி அணை 1941ஆம் ஆண்டிலும் மின்னாக்கத்தைத் தொடங்கின. அவற்றின் மின்சாரத்தை விற்பதற்கென்றே 1937இல் பான்வில் மின் நிர்வாகம் என்னும் அரசு அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது.

நீர்மின்சாரத்திற்கு எரிபொருள் செலவு இல்லை. எனவே அது மிக மலிவாகக் கிடைத்தது. வாங்குவோர்தாம் அந்நாளில் போதவில்லை. 1941இல் அந்நிர்வாகம் உட்டி கத்ரி என்னும் நாட்டுப்புறப் பாடகரை ஒரு மாதத்திற்குப் பணியில் அமர்த்தி, அணைகளின் பெருமையைப் பாடச் செய்தது. அவர் அந்த ஒரே மாதத்தில் 26 பாடல்களை எழுதிக் கொடுத்தார். மின்சாரம் விற்க ஓர் அரசு அமைப்பு பாடகரை அமர்த்தியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், இருண்டு கிடந்த பண்ணை வீடுகளுக்கு விளக்கும் நீரேற்றும் பொறியும் கொண்டுசெல்வது அன்று உண்மையிலேயே பாடத்தக்க பணியாக இருந்தது.

மலிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வடமேற்கில் குளிர்காலம் நெடியது. வீட்டைச் சூடாக வைத்திருப்பது அங்கு இன்றியமையாத தேவை. மின்சாரம் மலிவாக இருந்ததால், பலர் மின் வெப்பமூட்டிகளையே நம்பினர். வெப்பம் வெளியேறாமல் காக்கும் காப்புப் பொருளைக் கூரையிலும் சுவரிலும் பொதிந்து வீடு கட்ட வேண்டும் என்னும் எண்ணம் பலருக்கு எழவில்லை. உள்ளே உண்டாக்கிய வெப்பம் கூரை வழியாகவும் ஒற்றைக் கண்ணாடிச் சாளரங்கள் வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருந்தது.

பத்தாண்டுக்கு இரு மடங்கு

மின்தேவை ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தால், பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரு மடங்காகும். இது கூட்டுவட்டிக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மின்தேவை இவ்வாறுதான் வளர்ந்தது. இனியும் இவ்வாறே வளரும் என்று வடமேற்கின் திட்ட வல்லுநர்கள் கருதினர். புதிய பேரணைகளுக்கு ஏற்ற இடங்கள் குறைந்துவிட்டதால் அணுமின் நிலையங்களே வழி என்று முடிவாயிற்று.

பொறுப்பை ஏற்றது, உள்ளூர் மின் அமைப்புகள் கூடி 1957இல் உருவாக்கிய வாஷிங்டன் பொது மின்வழங்கல் அமைப்பு. அது ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்ட முற்பட்டது. ஐந்தையும் ஒரே காலத்தில் கட்டத் துணிந்த அவ்வமைப்புக்கு அத்தகைய பெரும்பணியில் போதிய பட்டறிவு இல்லை. வடிவமைப்புகள் மாறின, பணிகள் தாமதமாயின, வட்டி பெருகியது. 1980களின் தொடக்கத்தில் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 2,400 கோடி டாலரை எட்டியது. அதே வேளையில், எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலையேற்றம் கண்ட மக்கள் மின்சாரத்தை அளந்து செலவிடத் தொடங்கினர். எந்தத் தேவைக்காக நிலையங்கள் கட்டப்பட்டனவோ, அந்தத் தேவை வரவே இல்லை.

1982 சனவரியில் நான்காம், ஐந்தாம் நிலையங்களின் பணி கைவிடப்பட்டது. அவற்றுக்காக 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. அக்கடனைத் தீர்ப்பதாக உறுதியளித்த மின் அமைப்புகளுக்கு அவ்வாறு ஒப்பந்தம் செய்ய அதிகாரமே இல்லை என்று 1983இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் செலுத்தப்படாமல் போயிற்று. பொது அமைப்புகளின் கடன் பத்திர வரலாற்றில் அமெரிக்கா அதுவரை கண்டிராத பெருந்தவறுகை அது. பாதுகாப்பான முதலீடு என்று நம்பித் தம் சேமிப்பைப் பத்திரங்களில் இட்ட ஓய்வூதியர் பலரும் இழப்புக்கு ஆளாயினர். எஞ்சிய மூன்று நிலையங்களின் கடனைப் பான்வில் நிர்வாகம் தாங்கியதால், மலிவுக்குப் பெயர்பெற்ற அதன் மின்சாரத்தின் விலையும் சில ஆண்டுகளிலேயே பலமடங்கு உயர்ந்தது. ஐந்து நிலையங்களில் முழுமை பெற்றது ஒன்றே. அவ்வமைப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதனை ‘வூப்ஸ்’ என்று அழைத்தனர். கால் இடறும்போது ஆங்கிலம் பேசுவோர் வாயிலிருந்து வரும் ஒலி அது.

இந்தச் சுழலில் சிக்காமல் தப்பிய நகரம் சியாட்டில். நான்காம், ஐந்தாம் நிலையங்களில் பங்கு வாங்குமாறு அந்நகர மின்துறைக்கும் அழைப்பு வந்தது. நகரமன்றம் உடனே இசையவில்லை. ‘ஆற்றல் 1990’ என்னும் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. தேவை கூறப்படும் அளவுக்கு வளராது, சிக்கன நடவடிக்கைகளால் அதனை மேலும் குறைக்கலாம் என்பது ஆய்வின் போக்கு. 1976இல் நகரமன்றம் பங்கு வாங்க மறுத்து, சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏழாண்டுகளுக்குப் பின்னர்தான் அம்முடிவின் மதிப்பு அண்டை நகரங்களுக்கு முழுமையாகப் புரிந்தது.

சேமிப்பும் ஒரு வளம்

மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் எனக் குறிக்கப்படுவது ஒரு கிலோவாட் மணி ஆகும். 60 வாட் குண்டு விளக்கு ஒன்றை நாள்தோறும் 4 மணி நேரம் எரிக்கும் இல்லத்தில், அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 74 யூனிட் மிச்சமாகும். பத்து இலட்சம் இல்லங்களில் இம்மாற்றம் நிகழ்ந்தால் மிச்சம் 7 கோடியே 40 இலட்சம் யூனிட். ஆண்டு முழுவதும் இடைவிடாது இயங்கும் எட்டரை மெகாவாட் மின்னாக்கி தரக்கூடிய மின்சாரம் அது. எல்லா விளக்குகளும் ஒருசேர எரியும் மாலை வேளையிலோ 51 மெகாவாட் சுமை குறைகிறது. இதற்கு நிலக்கரி வேண்டா, புகைபோக்கி வேண்டா, கம்பிவழிப் பயணத்தில் ஏற்படும் இழப்பும் இல்லை.

ஒரு யூனிட்டை உண்டாக்க ஆகும் செலவைவிட, ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த ஆகும் செலவு குறைவாக இருந்தால், மின் நிறுவனம் எதில் பணம் இட வேண்டும்? இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை கூறிய முன்னோடி ஆவணம், 1980 திசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட வடமேற்கு மின்சாரச் சட்டம். அச்சட்டம் மின்சிக்கனத்தை அறிவுரையாகக் கூறாமல், அணையைப் போலவும் அனல்மின் நிலையத்தைப் போலவும் ஒரு மின்வளமாகவே வரையறுத்தது. புதிய மின்சாரம் தேவைப்படும்போது முதலில் சிக்கனம், அடுத்துப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், அதன்பின் வீணாகும் வெப்பத்தைப் பயன்கொள்ளும் நிலையங்கள், இறுதியில் ஏனையவை என வரிசையையும் வகுத்தது. சிக்கனத்தின் செலவு பிறவற்றைவிட 10 விழுக்காடு கூடுதலாக இருந்தாலும் அதனையே தேர்ந்தெடுக்கலாம் என்று சலுகையும் அளித்தது. நான்கு மாநிலங்களுக்கும் தலா இரண்டு உறுப்பினர் என எண்மர் கொண்ட மன்றம் ஒன்று, இருபது ஆண்டுகளை முன்னோக்கித் திட்டம் தீட்டும் பொறுப்பைப் பெற்றது.

ஹூட் ரிவர்

ஒரு வட்டாரத்தில் சிக்கனத்தை எந்த அளவுக்குக் கொண்டுசெல்ல இயலும் என்பதைக் கணக்கில் காட்டினால் போதாது. நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. கொலம்பியா ஆற்றங்கரையில் பேரிக்காய்த் தோட்டங்கள் சூழ்ந்த ஹூட் ரிவர் என்னும் ஓரிகன் வட்டாரம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1980களின் நடுவில் பான்வில் நிர்வாகத்தின் ஏறத்தாழ 2 கோடி டாலர் நிதியுடன், அவ்வூர் மின் நிறுவனம் வீடு வீடாகச் சென்றது. மின்சாரத்தால் சூடாக்கப்படும் வீடுகளின் கூரைகளில் தடித்த காப்புப் பொருள் பொதியப்பட்டது, சாளரங்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி இடப்பட்டது, கதவிடுக்குகள் அடைக்கப்பட்டன. பெரும்பாலான பணிகளுக்கு வீட்டு உரிமையாளர் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

தகுதியுடைய வீடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இணைந்தனர். மக்கள் அக்கறை கொள்ளமாட்டார்கள் என்று கூறியவர்களுக்கு இது மறுமொழியாயிற்று. ஆனால், மிச்சமான மின்சாரம் பொறியாளர் மதிப்பிட்டதைவிடக் குறைவாக இருந்தது. விலையேற்றத்தால் துன்புற்ற குடும்பங்கள், திட்டம் வருவதற்கு முன்பே வெப்பமூட்டியை நிறுத்திவிட்டு விறகடுப்புக்கு மாறியிருந்தன. பல அறைகளைக் குளிரிலேயே விட்டிருந்தன. செலவாகாத மின்சாரத்தை மேலும் மிச்சப்படுத்த வழியில்லை அல்லவா? தாளில் கணக்கிடும் சேமிப்புக்கும் வீட்டில் நிகழும் சேமிப்புக்கும் இடைவெளி உண்டு என்பதை இத்திட்டம் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தது. அதன் மதிப்புக்கு இந்த நேர்மையே முதற்காரணம் எனலாம்.

1980 முதல் இன்றுவரை வடமேற்கில் திட்டங்களாலும் கட்டட விதிகளாலும் கருவிகளுக்கான தரநிலைகளாலும் கிடைத்த சேமிப்பு, ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 7,000 மெகாவாட்டுக்கு மேல் என்று அம்மன்றம் கணக்கிடுகிறது. அப்பகுதியின் மின்வளங்களில் நீர்மின்சாரத்திற்கு அடுத்த இடம் இதற்கே.

விற்பவரின் கணக்கு

வடமேற்கில் அரசு அமைப்பு ஒன்று முன்னின்று பணம் தந்தது. பங்குதாரர்களுக்கு ஆதாயம் ஈட்ட வேண்டிய தனியார் நிறுவனம் தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொள்ள முன்வருமா? இவ்விடத்தில்தான் சட்டத்தைவிடக் கணக்கியல் கூர்மையான கருவியாயிற்று.

எடுத்துக்காட்டாக ஒரு மின் நிறுவனத்தைக் கற்பனை செய்யலாம். மின்கம்பங்கள், கம்பிகள், துணைமின் நிலையங்கள், ஊதியம், வட்டி ஆகியவற்றுக்கு அதற்கு ஆண்டுக்கு 100 கோடி செலவாகிறது. அது 50 கோடி யூனிட் விற்கும் என்று கருதி, இச்செலவுக்காக யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் வாங்க ஒழுங்குமுறை ஆணையம் இசைவளிக்கிறது. சிக்கனத் திட்டத்தால் விற்பனை 2 விழுக்காடு குறைந்தால் வருவாயில் 2 கோடி குறையும். கம்பமும் கம்பியும் அப்படியே நிற்கும், செலவு குறையாது. மாறாக, விற்பனை 2 விழுக்காடு கூடினால் 2 கோடி கூடுதலாக வரும். இந்நிலையில் அந்நிறுவனத்திடம் சிக்கனம் பேசுவது, மீன்காரரிடம் மரக்கறி உணவின் சிறப்பைப் பேசுவதை ஒக்கும்.

கலிபோர்னியா இம்முடிச்சை 1982இல் அவிழ்த்தது. நிறுவனத்திற்கு உரிய வருவாய் இவ்வளவு என்று ஆணையம் முன்னரே வரையறுக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக விற்று வருவாய் குறைந்தால், அக்குறை அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சிறிதளவு சேர்க்கப்படும். மிகுதியாக விற்றுக் கூடுதல் வருவாய் வந்தால், அது நுகர்வோருக்குத் திருப்பித் தரப்படும். விற்பனை கூடினும் குறையினும் நிறுவனத்தின் வருவாய் மாறாது. மின்சந்தைச் சீர்திருத்தத்தின்போது 1990களில் இம்முறை கைவிடப்பட்டது. 2000–2001 மின் நெருக்கடியில் பட்டுத் தெளிந்த பின் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

இம்முயற்சிகளுக்குப் பின்னால் இருந்தவர்களுள் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்னும் இயற்பியலாளர் குறிப்பிடத்தக்கவர். என்ரிகோ ஃபெர்மியிடம் பயின்று அணுத்துகள் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தம் அறிவைக் கட்டடங்களும் கருவிகளும் வீணாக்கும் ஆற்றலின்பால் திருப்பினார். கலிபோர்னியாவின் நபர்வாரி மின்நுகர்வு 1970களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. நாட்டின் பிற பகுதிகளில் அது ஏறிக்கொண்டே சென்றது. மிதமான தட்பவெப்பம், உயர்ந்த மின்கட்டணம், கனரகத் தொழில்களின் குறைவு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. முழுப் பெருமையையும் விதிகளுக்கே அளித்துவிடுவது பொருந்தாது.

இலக்கும் தண்டமும்

வருவாய் இழப்பைத் தடுப்பது தயக்கத்தை மட்டுமே போக்கும். செயலில் இறங்கச் செய்வதற்கு எண்ணளவிலான இலக்கு வேண்டும். அத்தகைய இலக்கை முதன்முதலில் சட்டமாக்கிய மாநிலம், எண்ணெய்க்குப் பெயர்பெற்ற டெக்சாஸ். ஆண்டுதோறும் கூடும் மின்தேவையில் 10 விழுக்காட்டைச் சிக்கனத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள மின் நிறுவனங்களைப் பணித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் மக்களே நேரடியாக வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். 25,000 நுகர்வோருக்கு மேல் கொண்ட மின் நிறுவனங்கள், செலவுக்கு ஏற்ற பயன் தரும் சிக்கனம் அனைத்தையும் நிறைவேற்ற வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை இலக்கு அறிவிக்க வேண்டும். எட்டத் தவறினால், குறைந்த ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் 50 டாலர் தண்டம் செலுத்த வேண்டும்.

தண்டம் விதிக்க வேண்டுமாயின் அளந்தாக வேண்டும். பயன்படுத்திய மின்சாரத்தை மின்அளவி காட்டும். பயன்படுத்தாத மின்சாரத்தை எந்த அளவி காட்டும்? ஒரு குடும்பம் தள்ளுபடி பெற்றுப் புதிய குளிர்பதனப் பெட்டி வாங்கினால், தள்ளுபடி இல்லாவிட்டாலும் அதையே வாங்கியிருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பழைய பெட்டியைக் கொட்டகையில் வைத்து அதையும் ஓட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றை ஆராய்வதற்கென்றே தனித் துறை வளர்ந்துள்ளது. நிறுவனம் தரும் கணக்கை நிறுவனத்தைச் சாராத மதிப்பீட்டாளர் சரிபார்ப்பது பல மாநிலங்களில் கட்டாயம்.

அளவீட்டைவிடக் கடினமானது நீதி பற்றிய சிக்கல். திட்டச் செலவு எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் சேர்கிறது. தள்ளுபடியைப் பெறுவோரோ பெரும்பாலும் சொந்த வீடும் கையில் பணமும் உள்ளவர்கள். வாடகை வீட்டின் கூரைக்குக் காப்பிடும் செலவு உரிமையாளருடையது. அதனால் குறையும் கட்டணம் குடியிருப்பவருடையது. ஆகவே உரிமையாளருக்கு அதில் நாட்டமில்லை, குடியிருப்பவருக்கு அதிகாரமில்லை. நிதியில் ஒரு பங்கை வருவாய் குறைந்த குடும்பங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் விதித்திருப்பது இதனால்தான். அவ்விதி இல்லாத இடங்களில், ஏழைக் குடும்பம் செலுத்தும் கட்டணம் செல்வர் வீட்டின் சாளரக் கண்ணாடியாக மாறிவிடுகிறது.

ஒஹாயோவில் நிகழ்ந்தது

விதிகள் நிலைத்தவை அல்ல. ஒஹாயோ மாநிலம் 2008இல் இயற்றிய சட்டம், 2025ஆம் ஆண்டுக்குள் மின்நுகர்வில் 22 விழுக்காட்டைச் சிக்கனத்தால் குறைக்குமாறு மின் நிறுவனங்களைப் பணித்தது. 2014இல் அவ்விலக்குகள் இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன. 2019இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. இழப்பில் இயங்கிய இரண்டு அணுமின் நிலையங்களுக்கு நுகர்வோர் கட்டணத்திலிருந்து உதவித்தொகை வழங்கவும், சிக்கன இலக்குகளை முடிவுக்குக் கொண்டுவரவும் அது வழிசெய்தது. கட்டணச் சுமை குறையும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

அச்சட்டத்தை நிறைவேற்றுவதற்காக, சட்டமன்றக் கீழவைத் தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டரின் கட்டுப்பாட்டில் இருந்த அமைப்புக்கு மின் நிறுவனம் ஒன்றின் வழியாக ஏறத்தாழ 6 கோடி டாலர் சென்றது பின்னர் வெளியாயிற்று. 2020 சூலையில் அவர் கைது செய்யப்பட்டார். 2023இல் நடுவண் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இதற்கிடையே, 2020ஆம் ஆண்டின் முடிவோடு அம்மாநில மின் நிறுவனங்களின் சிக்கனத் திட்டங்கள் முடிவுற்றிருந்தன. அணுமின் நிலையங்களுக்கான உதவித்தொகையை 2021இல் சட்டமன்றம் நீக்கியது. சிக்கன இலக்குகளை அது மீட்கவில்லை.